அகலக் காட்சியும் வன்னி நிலமும்

கிளிநொச்சியை அடுத்த இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி நிற்பவர், ஒரு புறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர்ப்பரப்பையும், மறுபுறத்தில் வாய்க்கால்களையும் வயல்வெளியையும் காண்பார். அக்காட்சி முழுவதையும் காண அவர் தலையைத் திருப்ப வேண்டும். புகைப்படக் கருவியோ தலையைத் திருப்பாத கண். எதிரே உள்ள சிறு பகுதியை மட்டுமே அது பற்றிக்கொள்ளும். இக்குறையை நீக்க எழுந்ததே பனோரமா எனப்படும் அகலக் காட்சிப் புகைப்படம்.

1839இல் புகைப்படக் கலை உலகறிய வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அகன்ற காட்சியைப் படமாக்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. அவற்றுள் இரண்டு முறைகள் நிலைபெற்றன.

முதலாவது, துண்டு துண்டாகப் படம் பிடித்துப் பின்னர் இணைக்கும் முறை. முக்காலியில் நிறுத்திய கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டுவர். 1850களில் வழக்கத்திற்கு வந்த ஈரக் கண்ணாடித் தகட்டை, மருந்து உலருமுன் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். ஆதலால் படப்பிடிப்பாளர் இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனப் புட்டிகளையும் உடன் சுமந்து திரிந்தார். ஒரு தகட்டிற்கும் அடுத்ததற்கும் இடையே வெயில் மாறும், மேகம் நகரும், ஆட்கள் இடம் பெயர்வர். பழைய அகலப் படங்களின் இணைப்புகளில் ஒளி வேறுபடுவதற்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் படிப்படியாக நகர்ந்து படம் பிடித்தார். 21 படங்கள் இணைந்த அந்நெடும் படம் ஏறக்குறைய 19 அடி நீளமுடையது. அதில் ஒரு துண்டு தவறினால் கல்வெட்டின் தொடர்பே அறுந்துபோகும். அகலப் படத்தின் உயிர் அதன் தொடர்ச்சியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, சுழலும் கருவியின் முறை. 1904இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற சேர்க்கட் என்னும் கருவி, முறுக்கிய சாவியின் விசையால் தானே சுழன்று, நீண்ட படச்சுருளில் காட்சி முழுவதையும் ஒரே படமாகப் பதிவு செய்தது. இக்கருவியில் ஒரு விந்தை உண்டு. நேர்கோடாக நிற்கும் வரிசை படத்தில் வளைந்து தோன்றும். அதனால் பெருங்கூட்டத்தைப் படம் பிடிப்போர் மக்களை வில்லைப் போல் வளைத்து நிறுத்துவர். படத்தில் அவ்வரிசை நேராக அமையும். நேரான அணைக்கட்டொன்றை இக்கருவியால் பிடித்தால் அது வளைந்தே தெரியும். இதை அறியாதவர் படத்தை நம்பி நிலத்தைத் தவறாகக் கணிக்க நேரும்.

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைப்படம் ஒரு வாணிகமாக வளர்ந்தது. கொழும்பில் ஸ்கீன் நிறுவனம், கண்டியில் ஜோசப் லோட்டன், பின்னர் ஸ்கோவன் நிறுவனம், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் ஆகியவை பெயர் பெற்றவை. துறைமுகமும் தேயிலைத் தோட்டமும் கண்டி ஏரியும் பழைய தலைநகரங்களின் இடிபாடுகளும் இவர்களுடைய விற்பனைச் சரக்குகள். கப்பலில் வந்த பயணி எதை வாங்குவாரோ அதையே இவர்கள் படம் பிடித்தனர். வன்னியின் காடுகளும் குளங்களும் அப்பயணியின் வழியில் இல்லை. வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் திறக்கப்படும் வரை வன்னியூடாகச் செல்வது கடினமான பயணமாகவே இருந்தது. ஆகவே அந்நிறுவனங்களின் படங்களில் வன்னி பெற்ற இடம் மிகச் சிறிது.

சிறிதாக இருப்பதனாலேயே அது தேடத்தக்கது. தேடுபவர் தலைப்புகளைக் கண்டு ஏமாறலாகாது. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆகவே அதற்கு முற்பட்ட படங்களை யாழ்ப்பாணம் என்ற பெயரின் கீழும், வட மாகாணம் என்ற பெயரின் கீழும் தேட வேண்டும். படத்தின் மூலையில் தகட்டிலேயே கீறப்பட்ட எண்ணும் நிறுவனப் பெயரும் இருப்பின் அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் தகடுகள் பிறிதொன்றின் கைக்கு மாறுவது அக்காலத்து வழக்கமாதலால், விற்றவர் பெயரைக் கொண்டே எடுத்தவரைத் தீர்மானித்துவிடக் கூடாது.

மூலப் படத்தையும் அச்சுப் பிரதியையும் வேறுபடுத்துவது எளிது. பூதக்கண்ணாடியால் நோக்கினால் அச்சுப் பிரதியில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். மூலப் படத்தில் நிழலும் ஒளியும் புள்ளியின்றி இழைந்திருக்கும். முட்டையின் வெண்கரு பூசிய தாளில் பதித்த பழைய படங்கள் மெல்லியவை. பெரும்பாலும் அட்டையில் ஒட்டப்பட்டு, பழுப்பேறிக் காணப்படும். வணிகர் சிலர் பழைய தொகுப்பைப் பிரித்துத் தாள் தாளாக விற்பதுண்டு. ஆதலால் ஒற்றைப் படமொன்றின் ஓரத்தில் பாதி மரமோ பாதிக் கூரையோ வெட்டுண்டு நின்றால், அது பெரிய படமொன்றின் துண்டாக இருக்கக்கூடும் என்று ஐயுறுவது நலம்.

வன்னியைப் பொறுத்தவரை இச்சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தனர். இறுதியில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் முகாம்களில் தங்கினர். கையில் எடுத்துச் செல்ல இயன்றது சிறிதே. திருமணப் படங்களும் பாடசாலைக் குழுப் படங்களும் வீடுகளோடு அழிந்தன. கட்டடங்கள் மீண்டும் எழலாம். பழைய தெரு எவ்வழி சென்றது, ஆலமரம் எங்கே நின்றது என்பதைக் காட்டும் சான்று மீண்டும் எழாது. அச்சான்றைத் தருவதில் அகலப் படத்திற்கு நிகர் இல்லை. ஒரு கட்டடத்தை மட்டுமன்றி, அதன் அயலில் நின்ற யாவற்றையும் அது ஒருங்கே காட்டுகிறது.

எஞ்சிய படங்கள் இன்று யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுப் பெட்டிகளிலும், கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் அலுமாரிகளிலும் கிடக்கக்கூடும். அவற்றை ஓரிடத்தில் குவிக்க வேண்டுமென்பதில்லை. உடையவரிடமே படம் இருக்க, அதன் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி, இலங்கைத் தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் இணையத்தில் தொகுத்து வருவது இதற்கு ஒரு நல்வழியைக் காட்டுகிறது.

பேணும் முறையும் அறியத்தக்கது. சுருட்டி வைத்த நெடும்படம் காலப்போக்கில் விறைத்துவிடும். அதை வலிந்து விரித்தால் வெடிக்கும். பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை. சட்டத்தில் அடங்கவில்லையென்று ஓரத்தை வெட்டக் கூடாது. பசைநாடா ஒட்டக் கூடாது. மாரிக்கால ஈரமும், கறையானும், இராமபாணப் பூச்சியும் வன்னியில் படத்தின் பெரும் பகைவர். தரையை விட்டு உயர்ந்த, காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடமே உகந்தது.

இவை யாவற்றினும் அவசரமானது ஒன்று உண்டு. படத்திலுள்ள இடத்தையும் மனிதரையும் அடையாளம் காட்டக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பிரதியொன்றை அவர்கள் முன் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் கேட்டு, தனித்தாளில் எழுதிப் படத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். பெயரறியாத படம் பாதிச் சான்று. விலை கொடுத்துப் படத்தை என்றேனும் வாங்கலாம். அதில் நிற்பவர் யாரென்று சொல்லும் நினைவை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.