தீவுகளைக் காணச் செல்வோர்

பொதிய மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்கின்றது. ஆறு கடலை அடைந்த இடத்தோடு நெல்லைச் சீமை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஆயினும், கழிமுகத்திற்கு வடக்கே தூத்துக்குடியை அடுத்த ஆழமற்ற கடலில் வான் தீவு, கோசுவாரி, விலாங்குசல்லி, காரியாசல்லி என்னும் நான்கு தீவுகள் அமைந்திருந்தன. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை அவையும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தனவே. அந்நான்கனுள் ஒன்று இன்று நீர்ப்பரப்பின் மேல் இல்லை. அது மறைந்த காரணத்தை அறிய வேண்டுமாயின், நிலம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கடலிலே புதுநிலம் ஆக்குவோர் மூவர். முதலாவது, ஆறு. தாமிரபரணிக் கரையில் விளங்கிய கொற்கை, பாண்டியரின் துறைமுகமாய், முத்துக்குப் புகழ் பெற்று, கிரேக்க அறிஞரான தாலமியின் நூலிலும் இடம்பெற்ற ஊராகும். இன்றோ அவ்வூரிலிருந்து கடலைக் காண்பதற்குப் பல கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். கடல் பின்வாங்கியதற்குப் பெருங்காரணம், ஆறு ஆண்டுதோறும் சுமந்து வந்து குவித்த வண்டலே. இரண்டாவது, பவளம். மூன்றாவது, நெருப்பு. ஆற்றின் வேலையை நெல்லை மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஏனைய இரண்டின் வேலையைக் காண விரும்புவோர் படகேறிச் செல்லல் வேண்டும்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் மாலைபோல் வரிசையாக அமைந்தவை. கடலிலே நாளெல்லாம் உழைத்த மீனவரே அவற்றுக்குப் பெயரிட்டனர். உப்புத்தண்ணித் தீவு, நல்லதண்ணித் தீவு என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே, தாகத்தோடு கரையேறியவர் கண்ட உண்மை விளங்கும். முயல் தீவு, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை என்பன மண்டபத்தை அடுத்த தீவுகளுட் சில. இவை யாவும் கடல் மட்டத்திற்குமேல் மிகுதியாக உயராத தாழ்ந்த திட்டுகள். பவளச் சிதைவும் மணலுமே இவற்றின் உடல்.

பவளப் பூச்சி என்று வழங்கினும் பவளம் பூச்சியன்று. கடற்சாமந்திக்கு உறவான மெல்லுடல் உயிர். அது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம்போன்ற கூடு கட்டிக்கொள்கின்றது. அதன் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரொளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்கு அளிக்கின்றது. பவளம் பாசிக்கு உறைவிடம் அளிக்கின்றது. ஒளி புகாத ஆழத்திலும், சேறு கலங்கிய நீரிலும் இவ்வகைப் பவளம் செழிக்காமைக்குக் காரணம் இதுவே. ஓர் உயிர் மடிய, அதன் கூட்டின்மேல் மற்றோர் உயிர் கூடு கட்ட, பல்லாயிரம் ஆண்டுகளில் பாறை எழுகின்றது. அலைகள் அப்பாறையை உடைத்துத் துகளாக்கிக் குவிக்கின்றன. குவிந்த மேட்டில் செடி வேரூன்றுகின்றது, தீவு பிறக்கின்றது.

மன்னார் வளைகுடாவில் 117 பவள இனங்கள் உள்ளன என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். பவளப் பாறையின் இடுக்குகளில் பலநிற மீன்கள் திரியும். அருகே மணற்பரப்பில் கடற்புல் வயல்போல் படர்ந்திருக்கும். அப்புல்லை மேய்ந்து வாழும் பெரும் பாலூட்டியே கடற்பசு. மீனவர் அதனை ஆவுளியா என்பர். சங்கும், கடற்குதிரையும், பேராமையும் இக்கடலின் குடிகளே. குருசடைத் தீவின் கரைமணலில் பலனோகிளாசஸ் என்னும் புழுவடிவ உயிர் வாழ்கின்றது. முதுகெலும்பற்ற உயிர்களையும் முதுகெலும்புள்ள உயிர்களையும் இணைத்துக் காட்டும் அதன் உடலமைப்பை ஆராய, உயிரியல் மாணவர் பன்னெடுங்காலம் அத்தீவை நாடிச் சென்றனர்.

இனி, நெருப்பு ஆக்கிய நிலத்தைக் காண்போம். தமிழ்நாட்டில் கனன்று கொண்டிருக்கும் எரிமலை எதுவும் இல்லை. அதனைக் காண வங்கக் கடலைக் கடந்து அந்தமானுக்குச் செல்லல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. இந்தியாவில் இன்றும் உயிரோடுள்ள எரிமலை அது ஒன்றே. கடலுக்குமேல் தோன்றுவது மலையின் தலை மட்டுமே. அதன் அடி இரண்டாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கடற்படுகையில் ஊன்றியுள்ளது. 1787ஆம் ஆண்டில் அது நெருப்புக் கக்கியதை மாலுமிகள் கண்டு எழுதி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கிய அம்மலை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991ஆம் ஆண்டில் மீண்டும் விழித்தது. அதன் பின்னரும் பன்முறை பொங்கியுள்ளது. உருகிய பாறைக் குழம்பு மேற்குப் புறமாக வழிந்து கடலை அடைந்து, நீராவி சீறியெழ, கரிய நிலமாக உறைகின்றது. பவளம் பல்லாயிரம் ஆண்டுகளில் செய்வதை நெருப்புச் சில திங்களிலே செய்துவிடுகின்றது!

அதே கடலில் நார்கொண்டம் என்னும் மற்றொரு தீவு உள்ளது. அதுவும் எரிமலையே, எனினும் நெருப்பு அவிந்து நெடுங்காலம் ஆயிற்று. 710 மீட்டர் உயர்ந்த அம்மலையை இன்று அடர்ந்த காடு போர்த்துள்ளது. உலகில் வேறெங்கும் இல்லாத இருவாட்சிப் பறவை ஒன்று அங்கே வாழ்கின்றது. தாமிரபரணி பிறக்கும் களக்காடு, முண்டந்துறைக் காடுகளில் வாழும் பெரிய இருவாட்சிக்கு அது உறவு. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் சிறு துளை வழியே பழங்களை ஊட்டும். பறவை உண்டு உமிழும் விதைகளால் காடு தழைக்கின்றது. காடு தரும் பழங்களால் பறவை பிழைக்கின்றது. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அச்சிறு தீவில் காடு அழியுமாயின், அவ்வினம் புகலடைய வேறு நிலம் ஏது?

நெருப்பும் பவளமும் கூடி ஆக்கிய தீவுகளும் உள்ளன. சார்லஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பில் வாழும் பவளம் மேன்மேலும் கட்டிக்கொண்டே வருவதனால் வளையம்போன்ற தீவு உண்டாகின்றது என்று விளக்கினார். இலட்சத்தீவுகள் இவ்வாறு பழைய எரிமலைத் தொடரின்மேல் பவளம் சூட்டிய முடிகளே. மன்னார்த் தீவுகளின் அடியிலோ எரிமலை இல்லை. அவை ஆழமற்ற கடலடி மேடையின்மேல் அமைந்தவை.

இவ்வளவு பொறுமையாக எழுந்த தீவு எவ்வளவு விரைவில் அழிகின்றது என்பதற்கு விலாங்குசல்லியே சான்று. வீடு கட்டவும், சுண்ணாம்பு நீற்றவும், ஆலைகளில் பயன்படுத்தவும் பவளப் பாறைகளை மக்கள் பல ஆண்டுகள் பெயர்த்தெடுத்தனர். பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண். அரண் போயிற்று, அலை நேரே தீவின்மேல் மோதிற்று, மணல் கரைந்தது. விலாங்குசல்லியும், கீழக்கரையை அடுத்த பூவரசன்பட்டியும் நீருள் மூழ்கின. 1986ஆம் ஆண்டில் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் பவளம் தோண்டும் தொழில் ஓய்ந்தது. எனினும் துன்பம் ஓயவில்லை. கடல்நீர் அளவுக்குமேல் வெப்பமுறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகின்றது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் இவ்வெளுப்பு மன்னார் வளைகுடாவைப் பெரிதும் தாக்கியது.

வான் தீவும் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்து மூழ்கும் நிலையை அடைந்தது. 2015ஆம் ஆண்டு முதல் அதனைச் சூழ்ந்த கடலில் துளைகளோடு கூடிய கான்கிரீட் கட்டமைப்புகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்தது. மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. மீன்களும் அவற்றினிடையே குடியேறின. மனிதன் கெடுத்ததை மனிதனே ஓரளவு திருத்தவும் கூடும் என்பதை அது காட்டுகின்றது. ஆயினும் கான்கிரீட் கல் பவளம் ஆகாது. அது வளர்வதில்லை, உடைந்தால் தானே தன்னைக் கட்டிக்கொள்வதுமில்லை.

ஆதலின், தீவைக் காண விரும்புவோர் எவ்வாறு செல்ல வேண்டும் என்பது சிறிய வினா அன்று. பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த காலபாகசுத் தீவுகள் எரிமலைகளால் ஆனவை. டார்வின் 1835ஆம் ஆண்டில் அங்கே சென்று ஆராய்ந்தார். பேராமைகளையும் கடல் உடும்புகளையும் காண உலகெங்குமிருந்து மக்கள் அங்கே வருகின்றனர். ஆயினும் ஒரு வழிகாட்டியோடு பதினாறு பேருக்கு மேல் செல்லுதல் கூடாது. வகுத்த பாதையை விட்டு விலகுதல் கூடாது. விலங்குகளைத் தொடுதலும், அவற்றுக்கு உணவிடுதலும் கூடாது. பாரன் தீவில் கரையிறங்க இசைவில்லை. கப்பலிலிருந்தே காணல் வேண்டும். மன்னார்த் தீவுகளிலும் இசைவின்றி இறங்குதல் குற்றம். குருசடை போன்ற இடங்களுக்கு வனத்துறை அளவான எண்ணிக்கையில் மக்களைப் படகில் அழைத்துச் செல்ல அண்மை ஆண்டுகளில் ஏற்பாடு செய்துள்ளது.

இக்கட்டுப்பாடுகள் காண்போரின் இன்பத்தைக் குறைப்பன என்று சிலர் வருந்துவர். உண்மையில் அவை இன்பத்தைக் காப்பன. நங்கூரம் ஒன்று விழுந்து நொறுக்கும் பவளம் பல தலைமுறைகளின் உழைப்பு. நினைவுக்கென எடுத்து வரும் சிப்பி, ஒரு நண்டின் வீடாகவும் இருக்கலாம். நூறு பேர் ஆரவாரிக்கும் இடத்தில் பறவை தங்காது. பத்துப் பேர் அமைதியாக அமர்ந்திருக்கும் படகின் அருகே ஆமையும் அச்சமின்றித் தலை தூக்கும். சிறு குழுவாகச் செல்வோரே மிகுதியாகக் காண்பர்.

ஆறும், பவளமும், நெருப்பும் நிலத்தை ஆக்குகின்றன. ஆக்கும் ஆற்றல் அவ்வளவில் மனிதனுக்கு இல்லை. ஆயின் காக்கும் ஆற்றல் உண்டு. விலாங்குசல்லி இருந்த இடத்தில் இன்று அலை மட்டுமே புரள்கின்றது. காரியாசல்லியும் கரைந்து வருகின்றது. தாமிரபரணி நீர் பருகி வளரும் இளைஞர், அத்தீவுகளைத் தம் பிள்ளைகளும் காண வேண்டும் என்று விரும்புவாராயின், எடுப்பதற்கு ஒன்றுமின்றிச் சென்று, விடுவதற்கு ஒன்றுமின்றித் திரும்பக் கற்றல் வேண்டும்.