கணினிக்கு நினைவகம் வாங்குமுன் அறிய வேண்டியவை

அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில், பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் மகளின் மேசைக் கணினியை நம்மிடம் காட்டினார். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் அப்பிள்ளைக்காக வாங்கிய பழைய கணினி அது. மிகவும் மெதுவாக இயங்கியதால், பட்டணத்துக்குச் சென்று மேலும் ஒரு ரேம் பலகை வாங்கி வந்திருந்தார். அதுவோ கணினிக்குள் பொருந்தவில்லை. கடைக்காரரும் அதைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குச் சென்று சேர்த்த பணம் வீணாயிற்று. பொருளில் பழுது ஏதுமில்லை. அது வேறு தலைமுறையைச் சேர்ந்தது என்பதே காரணம். இத்தகைய இழப்பு நம் வாசகர்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்திலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நினைவகத்தின் பணி

சமையலுக்குத் தேவையான பொருள்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமீது பரப்பி வைத்துக்கொள்கிறோம். கணினியில் அலமாரி போன்றது வட்டு. மேசை போன்றது ரேம் எனப்படும் நினைவகம். மேசை சிறியதாயின் ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்கு நடக்க வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டால் கணினியும் அவ்வாறே வட்டுக்கு ஓடி ஓடித் தளர்கிறது.

ஆயினும், மெதுவான கணினிகள் அனைத்துக்கும் நினைவகக் குறைவே காரணம் என்று முடிவு செய்தல் ஆகாது. வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜர் தோன்றும். நினைவகம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தால், கூட்டுவதால் பயனுண்டு. நினைவகத்தில் இடமிருந்தும், சுழலும் பழைய வட்டே ஓயாது உழைத்துக்கொண்டிருந்தால், அப்பணத்தில் எஸ்எஸ்டி வட்டு வாங்குவதே மேல். 32 பிட் விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினி 4 கிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் மறத்தலாகாது.

தலைமுறைகள் கலவா

டிடிஆர் 3 வகை 2007ஆம் ஆண்டிலும், டிடிஆர் 4 வகை 2014ஆம் ஆண்டிலும் சந்தைக்கு வந்தன. டிடிஆர் 5 வகை 2021ஆம் ஆண்டில் மேசைக் கணினிகளுக்கு வந்தது. இவற்றின் மின் அழுத்தம் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட் ஆகும். பலகையின் அடிப்பகுதியிலுள்ள வெட்டுப் பள்ளமும் ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். ஆகவே ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று இறங்காது. வலிந்து அழுத்தினால் தாய்ப்பலகையே உடையக்கூடும். பழைய பலகையின் ஒட்டுத்தாளில் பிசி3, பிசி4, பிசி5 என்னும் குறிகளுள் ஒன்று ஆங்கில எழுத்தில் காணப்படும். அதுவே தலைமுறையைக் காட்டும் அடையாளம். மடிக்கணினிக்குரிய பலகை நீளம் குறைந்தது. அதுவும் மேசைக் கணினிக்கு உதவாது. மலிவாகக் கிடைக்கின்றதென்று பெரிய சர்வர் கணினிகளுக்குரிய பலகைகளையும் வாங்குதல் கூடாது.

ஒரே தலைமுறைக்குள் கலத்தல்

ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாயின், வேறு நிறுவனம், வேறு வேகம், வேறு கொள்ளளவு உடையவற்றையும் பெரும்பாலும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் இருவர் சேர்ந்து நடந்தால் மெதுவாக நடப்பவரின் நடையே இருவருக்கும் நடையாகும். 2400 வேகமுள்ள பலகையுடன் 3200 வேகமுள்ளதைச் சேர்த்தால், இரண்டும் 2400இலேயே இயங்கும். அதிக வேகத்துக்கெனக் கொடுத்த அதிக விலை பயன் தராது.

கொள்ளளவைப் பொறுத்தவரை, காண்டாக் கம்பை நினைத்துக்கொள்ளலாம். இரு வாளிகளிலும் பால் சமமாக இருந்தால் நடை சீராக இருக்கும். அவ்வாறே 4 கிகாபைட் பலகையுடன் மற்றொரு 4 கிகாபைட் சேர்ந்தால் இரு தடங்களிலும் ஒருங்கே வேலை நடைபெறும். நான்குடன் எட்டைச் சேர்த்தாலும் 12 கிகாபைட் கிடைக்கும். எனினும் பல கணினிகளில் அதில் எட்டு மட்டுமே இரு தட வேகத்தைப் பெறும். நான்கு செருகுமிடங்கள் இருப்பின், எந்த இரண்டில் பொருத்துவது என்பதைத் தாய்ப்பலகையின் கையேட்டில் பார்த்தறிக.

பொருத்துதலும் சோதித்தலும்

முதலில் பிள்ளைகளின் பாடக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர்க் கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பள்ளம் பொருந்துமாறு வைத்து, இரு முனைகளையும் சமமாக அழுத்தினால் பூட்டு விழும் ஒலி கேட்கும்.

திரை ஒளிராவிடில் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தல் வேண்டும். கணினி இயங்கினாலும் அத்துடன் நில்லாது, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை ஓரிரவு முழுவதும் ஓடவிடுவது நன்று. ஒத்துப்போகாத பலகைகள், எழுதி வைத்த பாடங்களைச் சத்தமின்றிக் கெடுத்துவிடக்கூடும். பிழை காட்டினால் தாமதியாது கடைக்குத் திருப்பிவிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. ஆதலால், இருப்பதைக் கழற்றி எறியாமல் ஏற்றதொன்றைத் துணை சேர்ப்பது சிக்கனமாகும். கடைக்குச் செல்லும்போது பழைய பலகையைத் தாளில் சுற்றிக் கையோடு கொண்டு செல்லுங்கள். பொருந்தாவிடில் மாற்றித் தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் பிள்ளைகளின் கல்விக்கு முழுமையாகப் பயன்படட்டும்.