செய்தி வாசிப்பவர் விட்டுக்கொடுத்த பிட்டுகள்

செய்தி வாசிப்பவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். உதடு அசைகிறது, எப்போதாவது இமை. பின்னாலிருக்கும் நீலச் சுவர் அரைமணி நேரமாக அப்படியே நிற்கிறது. அதே நொடியில் இன்னொரு சேனலில் அடைமழையில் சண்டைக்காட்சி. துளிகள் நாலாபக்கமும் தெறிக்கின்றன, கேமராவும் கூடவே ஓடுகிறது. இரண்டு சேனலும் ஒரே செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரே டிரான்ஸ்பாண்டர் வழியாக உங்கள் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். செய்திக்குக் கொஞ்சம் இடம் போதும். மழைச் சண்டைக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும்.

வீடியோவைச் சுருக்கும் விதம்தான் இதற்குக் காரணம். ஸ்டூடியோவுக்குள் சாதாரணத் தரப் படம் நொடிக்கு 270 மெகாபிட் வேகத்தில் கம்பியில் ஓடும். வீட்டுக்கு வரும்போது அது சில மெகாபிட்டாக இளைத்துவிடுகிறது. சுருக்கும் கருவியான என்கோடர் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமை முழுதாக அனுப்புகிறது; இடையில் வரும் ஃபிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் சொல்கிறது. நீலச் சுவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழையைப் பற்றி, ஓடும் ஆற்றைப் பற்றி, கோப்பையைத் தூக்கும்போது மேலிருந்து கொட்டும் ஜிகினாக் காகிதத்தைப் பற்றி ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகச் சொல்லியாக வேண்டும். என்கோடரைத் திணறடிக்க அந்தக் காகித மழை ஒன்று போதும்.

டிவிபி-எஸ் என்ற முதல் தலைமுறைச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில், பரவலாகப் பயன்பட்ட ஓர் அமைப்பில், ஒரு டிரான்ஸ்பாண்டர் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தரும். அதற்குமேல் ஒரு பிட்டும் ஏறாது. ஒரு சேனலுக்குச் சராசரித் தேவை 3 மெகாபிட், மோசமான காட்சியில் 8 என்று வைத்துக்கொள்வோம். உச்சத்துக்குப் பயந்து ஒவ்வொன்றுக்கும் 8 ஒதுக்கினால் 4 சேனலோடு டிரான்ஸ்பாண்டர் நிறைந்துவிடும். நாளின் பெரும்பகுதி அந்த இடம் காலியாகக் கிடக்கும், வாடகை மட்டும் ஓடும். சராசரியை நம்பி ஆளுக்கு 3 கொடுத்தால் 12 சேனல் ஏற்றலாம். ஆனால் மழை வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உச்சத் தேவை வராது என்பதை வைத்துப் பிழைப்பு நடத்தும் வித்தை தொலைக்காட்சிக்கு முன்பே தொலைபேசியில் இருந்தது. அட்லாண்டிக்குக்கு அடியில் ஸ்காட்லாந்தையும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்த டாட்-1 கேபிள் 1956 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதில் இருந்த தடங்கள் சில டஜன்தான். கடலடியில் இன்னொரு கேபிள் போடுவது லேசான செலவல்ல. பெல் ஆய்வகப் பொறியாளர்கள் ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார், ஆகவே ஒவ்வொரு திசையிலும் தடம் பாதிக்குமேல் சும்மாதான் கிடக்கிறது. 1960இல் வந்த டாசி என்ற கருவி, வாய் திறக்கும் கணத்தில் மட்டும் தடத்தைக் கொடுத்து, மௌனத்தில் பிடுங்கி வேறொருவருக்குத் தந்தது. 37 தடங்களில் 72 உரையாடல்கள் ஓடின. அதிகம் பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால் சிலருடைய முதல் அசை வெட்டுப்படும். அதுதான் அதன் குறை.

தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்டாட்மக்ஸ் என்று சுருக்கி அழைக்கும் புள்ளியியல் மல்டிபிளெக்சிங் இந்தக் குறையிலிருந்து தப்பித்தது, வீடியோவுக்கு இருக்கும் ஒரு நெகிழ்வினால். பேச்சில் அசை போனால் போனதுதான். படத்திலோ இடம் குறைந்தால் நுணுக்கத்தைக் கொஞ்சம் கரடாக்கி அதே காட்சியைக் குறைந்த பிட்டில் அனுப்பலாம். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஆக, கேள்வி யாரைத் தள்ளுவது என்பதிலிருந்து யாரை எவ்வளவு குறைப்பது என்பதற்கு மாறிவிட்டது.

ஏரிப்பாசன ஊர்களில் நீர்கட்டி செய்யும் வேலையைத்தான் ஸ்டாட்மக்ஸின் கட்டுப்பாட்டுக் கணினி செய்கிறது: எந்த வயல் காய்கிறது என்று பார்த்து மடை திறப்பது. ஒவ்வொரு என்கோடரும் வரப்போகும் ஃபிரேம்களை முன்கூட்டி அலசி, இந்தக் காட்சி எவ்வளவு கடினம் என்று ஒரு மதிப்பெண் அனுப்பும். கணினி எல்லா மதிப்பெண்களையும் வைத்துக்கொண்டு 38 மெகாபிட்டைப் பங்கிடும். நொடிக்குப் பல முறை இது நடக்கிறது. நினைத்தபடி வாரிக் கொடுக்கவும் முடியாது. வீட்டு செட்டாப் பாக்ஸில், வரும் பிட்டுகளைத் தேக்கி வைக்கும் பஃபர் சின்னது. எம்பெக்-2 முறையில் சுருக்கிய சாதாரணத் தரப் படத்துக்குத் தரநிலை விதித்த அளவு ஏறக்குறைய 18 லட்சம் பிட். அது வழியவும் கூடாது, வறளவும் கூடாது. இதையும் கணக்கில் வைத்தே மடை திறக்க வேண்டும்.

முன்கூட்டிப் பார்க்க வேண்டுமென்றால் படத்தைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கூச்சல் கேட்டு, உங்கள் திரையில் பந்து இன்னும் பவுலர் கையிலேயே இருக்கிறதே, அந்தத் தாமதத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

கூட்டம் பெருகப் பெருக இந்த வித்தை பலிக்கிறது. சேனல்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், மொத்தத்தின் ஆட்டம், சராசரியோடு ஒப்பிடும்போது, 4 சேனலில் பாதியாகவும் 16 சேனலில் கால்பங்காகவும் அடங்கும். இரண்டு மூன்று சேனலை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டாட்மக்ஸுக்குச் செலவழிப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஒன்றையொன்று சாராமல் என்ற நிபந்தனையைத்தான் விளம்பர ஏடுகள் சத்தமில்லாமல் தாண்டிப் போகின்றன. குடியரசு தின அணிவகுப்பைப் பத்துச் சேனல்கள் சேர்ந்து காட்டினால், அணியும் கூட்டமும் பறக்கும் கொடியும் பத்திலும் ஒரே நொடியில் வருகின்றன. விட்டுக்கொடுக்க அன்று யாரும் இல்லை. எல்லாப் படமும் சேர்ந்தே மங்கும்.

முன்பெல்லாம் என்கோடர்களும், அவற்றின் சேனல்களை ஒன்றாகச் சேர்க்கும் மல்டிபிளெக்ஸரும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருந்தன. இப்போது இடையில் ஐபி நெட்வொர்க் வந்துவிட்டது. என்கோடர் ஓர் ஊரில், மல்டிபிளெக்ஸர் வேறோர் ஊரில். 188 பைட் கொண்ட தொலைக்காட்சிப் பாக்கெட்டுகளை ஏழேழாகக் கட்டி 1316 பைட்டாக்கி, ஈதர்நெட்டின் 1500 பைட் எல்லைக்குள் அடக்கி அனுப்புகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். ஐபி நெட்வொர்க்கே புள்ளியியல் பங்கீட்டில்தானே ஓடுகிறது? ரூட்டர் வந்த பாக்கெட்டை வந்த வரிசையில் அனுப்புகிறது, இடமிருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். பிறகு தனியாக ஸ்டாட்மக்ஸ் எதற்கு? ரூட்டர் குருட்டுப் பங்காளி என்பதால். நெரிசல் வந்தால் அது வரிசையின் கடைசியில் நிற்கும் பாக்கெட்டைத் தூக்கி எறியும். எறிந்தது நீலச் சுவரின் ஒரு மூலையா, முழு ஃபிரேமின் ஒரு துண்டா என்று அதற்குத் தெரியாது. முழு ஃபிரேமில் விழுந்த ஓட்டை, அதை நம்பி வரும் எல்லா ஃபிரேமிலும் தொற்றி, அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை திரையில் நிற்கும். அதனால் நெட்வொர்க்குக்குள் நுழையும் முன்பே மொத்தத்தை அடக்கிவிட வேண்டும் என்பதே ஸ்டாட்மக்ஸின் மையம். எது போனால் கண்ணுக்குத் தெரியாது என்று அறிந்தது என்கோடர் மட்டுமே.

தூரம் வேறு தொல்லைகளையும் கொண்டுவந்தது. எவ்வளவு பிட் என்று கட்டுப்பாட்டுக் கணினி என்கோடருக்கு அனுப்பும் கட்டளையும் பாக்கெட்டாகப் போகிறது, தாமதிக்கலாம், தொலையலாம். ஆகவே உடனே மாற்று என்று சொல்லாமல், வரப்போகும் இன்ன கணத்திலிருந்து இவ்வளவு என்று சொல்வது பாதுகாப்பு. கட்டளையே வராவிட்டால் என்கோடர் ஒரு குறைந்த வேகத்துக்குத் தானே இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சேனலின் தவறு மொத்த டிரான்ஸ்பாண்டரையும் வழியவைத்துவிடும். கடிகாரம் இதைவிடச் சிக்கல். செட்டாப் பாக்ஸ் தன் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை, படத்தோடு வரும் நேரமுத்திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அந்த முத்திரை 100 மில்லிநொடிக்குள் ஒருமுறையாவது வர வேண்டும். ஐபி வழியில் பாக்கெட்டுகள் முன்னும் பின்னுமாக வருவதால் மல்டிபிளெக்ஸர் முதலில் அவற்றைத் தேக்கிச் சீராக்கி, பிறகு முத்திரைகளைத் திருத்தி எழுதுகிறது.

இவ்வளவு பங்கிட்ட பிறகும் 38 மெகாபிட் துல்லியமாக நிரம்பாது. மிச்சத்தை 8191 என்ற எண்ணிட்ட வெற்றுப் பாக்கெட்டுகளால் நிரப்புவார்கள். பாக்ஸ் அவற்றைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடும். சில நிறுவனங்கள் அந்த இடத்தையும் விடுவதில்லை. அவசரமில்லாத சரக்கை, உதாரணமாக பாக்ஸுக்கான புதிய மென்பொருளை, இப்படிக் கிடைக்கும் சந்துகளில் சிறிது சிறிதாக நுழைத்து அனுப்பிவிடுகிறார்கள்.