குளிருக்கும் ஒரு துருசு

உப்புக்குளத்து மீனவர் கரைசேர்த்த மீனை வெயிலிலிருந்து காப்பது ஐஸ்கட்டி என்பதை நாம் அறிவோம். அந்தக் குளிர் பிறப்பது எங்ஙனம்?

கட்டுக்கரைக் குளத்து நீரைத் துருசு அளந்து விடுகிறதன்றோ? அவ்வாறே ஐஸ் ஆலையில், அமுக்கத்துக்குட்பட்ட அமோனியாத் திரவத்தைச் சிறு வால்வு ஒன்று அளந்து விடுகிறது. அமுக்கம் தணிந்ததும் திரவம் கொதித்து, சூழவுள்ள வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகிறது. சாதாரண வளியமுக்கத்தில் அமோனியா பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகையிலேயே கொதிக்கும்.

வால்வு மிகத் திறந்தால் ஆவியாகாத திரவம் அமுக்கும் பொறியுட் புகுந்து அதனைச் சிதைக்கும். மிகக் குறுகினால் நீர் உறையாது.

குளிர்நாட்டு இல்லங்களின் வெப்பப் பம்பியிலும் இதே தத்துவமே. அங்கே மற்றொரு வால்வு ஓட்டத்தின் திசையை மாற்ற, கோடையில் குளிர்வித்த பொறியே மாரியில் வெப்பமூட்டுகிறது.

துருசைப் பேணுவோர் வயலைக் காக்கின்றனர்; வால்வைப் பேணுவோர் மீனவரின் உழைப்பைக் காக்கின்றனர்.