இறங்க வேண்டியது எல்லையில்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையை லாரிகளின் சாலையாக, சிப்காட் ஆலைகளின் சாலையாகத்தான் பெரும்பாலோர் அறிவோம். புவியியலாளர்களுக்கு அது பூமியின் மேலோட்டுக்குள் இறங்கும் பாதை. வடக்கே கர்நாடகப் பக்கமிருந்து தெற்கே வர வர, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலும் மேலும் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள் தரைக்கு வந்து கிடக்கின்றன. கிருஷ்ணகிரிக் குவாரிகளில் வெட்டி, ‘பாரடைசோ’ என்ற பெயரில் ஏற்றுமதி செய்யப்படும் வரிவரியான கல், நைஸ் வகைப் பாறை. தருமபுரியை நோக்கிப் போகப் போக நைஸுக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் என்ற ஆழத்துப் பாறை தலைகாட்டுகிறது. பிறகு எங்கும் அதுவே. பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு ஆய்வாளர்களும் இந்தத் தடத்தைத் தேடி வருவதற்குக் காரணம், ஒரு பாறை இன்னொன்றாக மாறும் இடம் இங்கே கண்ணெதிரே இருப்பதுதான். ஒரே வகைப் பாறை பரந்து கிடக்கும் நிலத்தின் நடுவில் எடுத்த கல், தன்னைப் பற்றி மட்டுமே பேசும். இரண்டு பாறைகள் சந்திக்கும் இடத்தில் எடுத்த கற்களோ எந்த வெப்பம், எந்த அழுத்தம், எந்தத் திரவம் ஒன்றை மற்றொன்றாக்கியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிலவில் இறங்க இடம் தேடுகிறவர்களும் இந்த அளவுகோலையே கையில் எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

இப்போது இதைப் பேசக் காரணம் சந்திரயான்-4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104.06 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த இந்தத் திட்டம், நிலவின் மண்ணையும் கல்லையும் பூமிக்கு எடுத்துவரப் போகிறது. கிலோமீட்டர் கணக்கில் அலைந்து கல் பொறுக்கும் பயணம் அல்ல இது. லேண்டரின் கை எட்டும் தூரத்தில் என்ன கிடக்கிறதோ அதுதான் நம் ஆய்வகத்துக்கு வரும். ஆகவே எங்கே இறங்குவது என்று முடிவு செய்யும் நாளிலேயே, எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம், தென் அட்சரேகை 69 டிகிரியை ஒட்டியது. 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பரப்பைத் தேர்ந்தெடுத்தபோது சரிவு, பாறைக் கற்கள், சூரிய வெளிச்சம், பூமியோடு தொடர்பு ஆகியவையே முதலில் பார்க்கப்பட்டன. அப்படியிருந்தும் அறிவியல் பலன் பெரிது. 103 மீட்டர் ஓடிய அதன் ஊர்தி பிரக்யான், 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. கிடைத்தது, இரும்புச் சாயல் கொண்ட அனார்த்தோசைட்டை ஒத்த கலவை. பிறந்த புதிதில் நிலவு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, இலேசான தாதுக்கள் மேலே மிதந்து மேலோடாயின என்ற கருதுகோளுக்குத் தென்பகுதியிலிருந்து கிடைத்த வலுவான சான்று அது. (லேண்டரைச் சோதிக்க நிலவு மண்ணைப் போலச் செய்த மண்ணும் அனார்த்தோசைட்தான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். பிறந்த விதம் வேறு, கலவை நெருக்கம்.)

ஆனால் பிரக்யான் அளந்த மண்ணில் எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் கூடுதலாக இருந்தது. சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் தென்துருவ-எய்ட்கென் பெரும்பள்ளத்தின் விளிம்பு இருக்கிறது. அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய மோதல், மேலோட்டின் அடிப்பகுதியைக் கிளறி இங்கே வீசியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நல்ல விளக்கம்தான். ஆயினும் 23 இடங்களும் ஏறத்தாழ ஒரே கலவையைக் காட்டின. எல்லாம் கலந்து சீராகிப்போன மண்ணில், எது எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரித் தடத்தில் அந்த ஊகத்துக்கு வேலை குறைவு. மேல் பாறையும் ஆழத்துப் பாறையும் இருந்த இடத்திலேயே அடுத்தடுத்து நிற்கின்றன.

பாறைகளின் எல்லையில் இறங்கச் சொல்வதற்கு வரும் முதல் மறுப்பு பாதுகாப்பு. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் லேண்டர் விக்ரம் விழுந்து நொறுங்கியதை நாடே விழித்திருந்து பார்த்தது. சந்திரயான்-3 இறங்குவதற்கு நான்கு நாள் முன்புதான் ரஷ்யாவின் லூனா-25 மோதி அழிந்தது. நொறுங்கிய லேண்டரிடமிருந்து எந்த அறிவியலும் வராது. இதை மறுக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு என்பது தகுதியற்ற இடங்களைக் கழிக்கும் சல்லடை மட்டுமே. தேறி நிற்கும் இடங்களில் எது சிறந்தது என்று சொல்ல அதற்குத் தெரியாது. தவிர, சல்லடையின் கண்ணும் மாறிவிட்டது. சந்திரயான்-2 சுற்றுகலனின் கேமரா, சுமார் 30 சென்டிமீட்டர் அளவு வரை நிலத்தைப் பிரித்துக் காட்டுகிறது. 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம், குறித்த புள்ளியிலிருந்து 55 மீட்டருக்குள் இறங்கியது. ஷியோலி என்ற சிறு பள்ளத்தின் அருகே, சரிவான நிலத்தை அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். நிலவின் ஆழத்திலிருந்து வந்திருக்கக்கூடிய ஒலிவின் தாது அங்கே சிதறிக் கிடக்கும் என்பதே காரணம். கடைசி நேரத்தில் ஒரு எஞ்சின் பழுதாகிக் கலன் தலைகுப்புற நின்றாலும், சுற்றியிருந்த பாறைகளை அளந்து முடித்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: சுற்றுப்பாதையிலிருந்து பார்த்து எல்லை என்று நாம் நினைப்பது தவறாக இருந்தால்? அப்போலோ-16க்கு அதுதான் நேர்ந்தது. டெகார்ட் மேட்டுநிலம் எரிமலையால் ஆனது என்று நம்பி 1972இல் அங்கே போனார்கள். கிடைத்தவை பெரும்பாலும் மோதலில் உடைந்து ஒட்டிய பாறைகள். ஆனால் அந்தப் பயணம் வீணாகவில்லை. நிலவின் மேட்டுநிலங்களை மோதல்களே உருவாக்கின என்ற புரிதல் அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. தெளிவான கேள்வியோடு போனதால், ‘இல்லை’ என்ற விடைக்கும் மதிப்பு இருந்தது. சீனாவின் சாங்’இ-6, நிலவின் மறுபக்கத்தில் அதே எய்ட்கென் பள்ளத்துக்குள் இறங்கி 1,935.3 கிராம் எடுத்துவந்தது. அதில் சுமார் 280 கோடி ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறையும், பெரும்பள்ளத்தின் வயது 425 கோடி ஆண்டுகள் என்று கணிக்க உதவிய துணுக்குகளும் இருந்தன. பல காலத்துப் பாறைகள் கூடும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இது.

துருவத்தில் தண்ணீர் தேடுவதே அவசரம், பாறை வரலாறு காத்திருக்கலாம் என்பாரும் உண்டு. சந்திரயான்-3இன் வெப்பமானி இந்த வாதத்தையும் என் பக்கமே திருப்புகிறது. சூரியனைப் பார்த்து 6 டிகிரி சாய்ந்த இடத்தில் அது 82 டிகிரி செல்சியஸ் அளந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிச் சமதரையில் சுமார் 59 டிகிரிதான். அதை வைத்து, உயர் அட்சரேகைகளில் துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சரியும் நிலங்களில், தரைக்குச் சற்றுக் கீழேயே பனி நிலைத்திருக்க முடியும் என்று ஆய்வுக் குழு காட்டியிருக்கிறது. பொறியாளர் தவிர்க்க விரும்பும் சரிவுதான் தண்ணீருக்கும் வழிகாட்டுகிறது.

சரிவின் மேலேயே இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அண்மையில் உருவான பள்ளம் ஒன்றின் விளிம்பை ஒட்டிய சமதளம் போதும். மோதல் தோண்டி எறிந்ததில், ஆழத்திலிருந்து வந்தவை விளிம்புக்கு அருகிலேயே விழும்; லேண்டரின் கைக்கு அவை எட்டும். அப்படிப்பட்ட இடங்களைப் பட்டியலிடும்போது சரிவு வரைபடத்தோடு, ஒவ்வோர் இடத்திலும் எந்த இரண்டு பாறைகள் சந்திக்கின்றன, அங்கே எடுக்கும் மண் எந்தக் கருத்தைப் பொய்யாக்கக்கூடும் என்பதையும் இஸ்ரோ முன்கூட்டியே வெளியிட வேண்டும். தேர்வுக் குழுவில் பாதை வகுப்பவர்களுக்கு இணையான குரலோடு, கிருஷ்ணகிரி–தருமபுரித் தடத்தைக் கால்நடையாக நடந்து கல்லோடு கல் ஒப்பிட்டுப் படித்த புவியியலாளர்களும் உட்கார வேண்டும். அவர்கள் சேலத்திலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.