கத்தி காட்டிக் கொடுத்த கோடு!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பூட்டுக் கடைக்காரர் ஒருவர், பூட்டுப் படம் போட்ட ஸ்டிக்கர் கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கம்ப்யூட்டரில் படம் தயார். ஆனால் பூட்டின் மேல் உள்ள பழைய முத்திரை வேண்டாமாம். எப்படி அழிப்பது?

பலர் அதன் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்து மூடி விடுகிறார்கள். வெள்ளைத் தாளில் அச்சடித்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டும் எந்திரத்திடம் இந்த வித்தை பலிக்காது! அதன் கத்திக்கு நிறம் தெரியாது. கோடுதான் தெரியும். மூடிய முத்திரையையும் வெட்டும். மூடிய கட்டத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டும். ஸ்டிக்கர் பாழ். காசும் பாழ்.

காரணம் என்ன?

1987-ல் வந்த இல்லஸ்ட்ரேட்டர், 1989-ல் வந்த கோரல் டிரா போன்றவற்றில் படம் என்பது மை அல்ல. புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். அங்கே ரப்பரால் தேய்த்தால் கோடு அறுபடும். உருவத்தின் குறுக்கே தேய்த்தால் அது இரண்டு துண்டாகும். வெட்டுப்பட்ட இடத்தில் புதிய ஓரம் உண்டாகும்.

ரப்பர் பிடிக்கும் கை நடுங்கினால் ஓரமும் நெளியும். அதற்கும் வழி உண்டு. மூடி வைத்த அதே கட்டத்தைக் கொண்டு அடியில் உள்ளதைக் கத்தரிக்கலாம். கோரல் டிராவில் இதற்கு 'டிரிம்' என்று பெயர். கத்தரித்த பிறகு கட்டத்தை எடுத்துவிட வேண்டும். (அவசரத்தில் மறப்பது இதைத்தான்!)

எந்திரத்துக்கு அனுப்புமுன் 'வயர்பிரேம்' காட்சியைப் பாருங்கள். நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும். ஒளிந்திருந்த முத்திரை அங்கே பளிச்சென்று தெரியும்.