7-க்குள் ஒளிந்திருந்த 77

ஒரு விளையாட்டு வீரர் தன்னுடைய ஜெர்சி எண்ணை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பாரா, நேயர்களே?

அமெரிக்காவின் பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் ரே போர்க் என்று ஒரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். கனடாக்காரர். கோல் விழாமல் தடுப்பதுதான் அவர் வேலை. ஆனால் தடுப்பாட்டக்காரர்களில் அவரளவுக்குக் கோல் அடித்தவரும் அந்த அணி ஆடும் லீகில் இல்லை! அவர் முதுகில் இருந்தது 7-ஆம் எண்.

அதே அணியில் அதே எண்ணை அவருக்கு முன்னால் அணிந்து கோல் மழை பொழிந்தவர் ஃபில் எஸ்போசிட்டோ. 1987 டிசம்பரில், அந்த எண்ணை இனிப் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து அவரைக் கௌரவிக்க ஒரு விழா. ஆனாலும் போர்க் ஓய்வு பெறும்வரை அந்த எண் போர்க்கிடமே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், எஸ்போசிட்டோ உட்பட.

போர்க் பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே அவரிடம் போனார். போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். உள்ளே இன்னொரு ஜெர்சி! அதில் 77. எஸ்போசிட்டோவுக்குப் பேச்சே வரவில்லை. அரங்கம் அதிர்ந்தது.

அதன்பின் கடைசி ஆட்டம் வரை போர்க் 77-தான். பாஸ்டனில் இருபது வருஷம் ஆடியும் கிடைக்காத, லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை, 2001-இல் கொலராடோ அணிக்காக வென்றபோதும் அதே எண். அன்று அந்த அணியின் கேப்டன் ஜோ சாகிக், கோப்பையை வழக்கப்படி முதலில் தான் உயர்த்தாமல் நேராகப் போர்க்கின் கையில் கொடுத்துவிட்டார்!